பேத்தை உப்பிய வீடு

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவுக்குப் பின்னால், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒரு சந்தில், ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையின் நடுவீட்டில் அஞ்சுகம் குடியிருந்தாள், அவளோடு அவள் புருஷன் கோதண்டம் குடியிருந்தான், மகன் தணிகை குடியிருந்தான், தணிகையைக் கட்டிக்கொண்டு வந்த மோனிஷா குடியிருந்தாள், இவர்களுக்கு நடுவில் ஒரு பழைய நைலான் புடவை திரையாகத் தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் சின்னவர்கள், இந்தப் பக்கம் பெரியவர்கள். ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர்களும் புரண்டு படுக்க வேண்டும், ஒருவர் இருமினால் எல்லோருக்கும் தூக்கம் போகும், மோனிஷா புருஷனிடம் மெல்லச் சொல்லும் எதுவும் மாமனாரின் காதில் விழாமல் இருக்க மாமனார்தான் குறட்டை விடுவதுபோல் நடிக்க வேண்டும்.

அஞ்சுகம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளையும், யார் யாரோ படுத்து எழுந்திருக்காமலே போன விரிப்புகளையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, உதறி, மடித்து, அடுக்கிவிட்டு வந்தால், வீட்டிலும் விரிக்கவும் மடிக்கவும் விரிப்புகள் இருந்தன. அவளுக்கு ஒரு களைப்பு இருந்தது. அது அன்றன்றைய வேலையால் வந்த களைப்பு இல்லை. கல்யாணமான புதிதில் எப்போதோ விருந்தாளிபோல வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து, திரும்பிப் போக மறந்து தங்கிவிட்ட களைப்பு. அவள் நடந்தால் அதுவும் கூட நடந்தது, அவள் சோறு வடித்தால் அதுவும் பக்கத்தில் நின்றது. அவளும் அதைப் போகச் சொல்லவில்லை.

கோதண்டம் ஒரு குட்டியானைச் சரக்குவண்டி வைத்திருந்தான். கோவளம் பக்கத்துக் கடலில் இறங்கி, கலங்காத தண்ணீராகப் பார்த்துப் பெரிய கேன்களில் மொண்டு வந்து, கடல்மீன் விற்கும் கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவான். ஊரெல்லாம் கடலைச் சுமந்தவன், ஒருநாள் கொஞ்சம் கடலைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் பவளக்கல், ஓயாமல் குமிழ்விடும் மோட்டார், அதற்குள் தவிட்டு நிறத்தில் ஒரு மீன்.

"இன்னாயா இது?" என்றாள் அஞ்சுகம்.

"பேத்தை."

"காசிமேட்டுல வலையில மாட்டினா தூக்கிக் கடாசுவாங்களே, அதுவா?"

"அதேதான். துன்னாதான் ஆவாது. வச்சுப் பாக்கலாமில்ல? கடையில கூடப் போட்ட மீனையெல்லாம் வாலைக் கடிச்சுப்புடுது, எடுத்துக்கினு போயிடுன்னு கடைக்காரர் குட்த்துட்டாரு. தனியாதான் இருக்கும். பாவம்."

"நமக்கே கால் நீட்ட எடமில்ல. இதுக்கு மட்டும் தனியா எடமா?"

கோதண்டம் தகரப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் தொட்டியை வைத்தான். ஒரு மாதம் அவனே பார்த்துக்கொண்டான்; பிறகு, அந்த வீட்டில் எதுவும் கடைசியில் யார் தலையில் வந்து விழுமோ அவள் தலையில் அதுவும் வந்து விழுந்தது. வாரத்துக்கொரு முறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் ஊற்றுவது, கண்ணாடியில் படியும் பாசியை வழிப்பது, கரண்ட் போனால் பேட்டரி மோட்டாரை மாட்டுவது எல்லாம் அஞ்சுகத்தின் வேலையானது. பேத்தைக்குக் கிளிமூக்கு மாதிரிப் பல். அது வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டோடு எதையாவது கடித்துத் தேய்த்துக்கொள்ளாவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடந்து செத்துப்போகும் என்று கோதண்டம் சொல்லியிருந்தான். அதனால் அவள் மட்டியும் நண்டுக்காலும் ஓட்டோடு இறாலும் வாங்கிவந்து போட்டாள். அது நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

மீனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. வாசலில் அவள் செருப்பை விடும்போதே கண்ணாடியோரம் வந்து, ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் மட்டிப் பையையும் பார்த்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். தாமதித்தால் தலையை வெளியே நீட்டி அவள் முகத்தில் தண்ணீரைத் துப்பும். "இரு, இரு, வரேன்" என்பாள் அஞ்சுகம். அந்த வீட்டில் அவள் வருகைக்காக வாலாட்டிக்கொண்டு நின்றது அது ஒன்றுதான்.

அறை பெருகியது ஒரு வியாழக்கிழமை காலை. சிலிண்டர் போடுபவர் வந்து, புது சிலிண்டரைத் தோளிலிருந்து தொட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று இறக்கினார். பேத்தை பயந்துபோய்த் தண்ணீரை விழுங்கத் தொடங்கியது. விழுங்க விழுங்க அதன் வயிறு புடைத்தது, உடம்போடு படிந்திருந்த முட்கள் எழுந்து நின்றன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பந்தாகிவிட்டது. அதே நேரத்தில், காலிச் சிலிண்டரை எடுக்க அடுப்பு மூலைக்குப் போயிருந்த அஞ்சுகம், அதை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள், வந்தாள், வந்துகொண்டே இருந்தாள். இரண்டு எட்டில் வந்துவிடும் வாசல் தூரத்தில் இருந்தது, அங்கே சிலிண்டர்காரர் சின்னதாக நின்றுகொண்டிருந்தார். சுவர்கள் தள்ளிப் போயிருந்தன. கூரை உயர்ந்திருந்தது. அவள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வெளிய பாத்தா தெரியல. உள்ள நல்லா பெருசா இருக்கேம்மா," என்று சொல்லிவிட்டு அவர் காலிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சுகம் அந்தப் பெரிய தரையைப் பார்த்தாள். இவ்வளவையும் யார் பெருக்குவது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. துடைப்பத்தை எடுத்துப் பாதி பெருக்குவதற்குள் மீனின் பயம் தெளிந்தது. அது தண்ணீரை வெளியே விட்டது, சுவர்கள் அவசரமில்லாமல் திரும்பி வந்தன. வந்த சுவர் அவளை இடிக்கவில்லை. வயதானவர்கள் பஸ்ஸில் தோளைத் தொட்டு ஒதுங்கச் சொல்வதுபோல அவளை ஒதுங்கச் சொல்லி, பழைய இடத்தில் நின்றுகொண்டது.

சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டுக் கோதண்டம் தொட்டிக்குமேல் வலையை ஆட்டிக் காட்டினான். மீன் உப்பியது, வீடு பெருகியது. அவன் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர்வரை கையை வீசி நடந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தன் வீட்டுக்குள் கையை வீசி நடந்ததில்லை. பக்கத்து வீட்டு ஜெரினா ஓடிவந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். "என் பக்கம் ஒரு விரல்கூடக் கொறயலக்கா. அப்ப இந்த எடம் யாருதும் இல்ல. பரவால்ல," என்றாள்.

யாருடையதும் இல்லாத இடம் என்றானபின் அது எல்லோருடையதும் ஆயிற்று. ஆட்டோ ஓட்டும் எத்திராஜ்தான் அந்த வரிசைக்குப் பெரியவர்போல. தண்ணீர் லாரி வந்தால் குடங்களை முறைப்படுத்துகிறவர். அவர் வந்து நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கோதண்டா, இத்த நீ மட்டும் வச்சுக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார். கோதண்டம் சிரித்தான். சொந்தக்காரர்கள் வந்தால் உட்காரவைக்க இடமில்லாமல் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தவனுக்கு, வாங்க, உக்காருங்க என்று சொல்வதில் இருக்கும் ருசி அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் அதைச் சொல்வதை நிறுத்தவில்லை.

ஜெரினாவின் மகளை நிக்காஹுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அங்கேதான் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சங்கத்துச் சீட்டு அங்கேதான் எடுக்கப்பட்டது. மழையில் சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது வரிசையின் துணிகள் எல்லாம் அங்கேதான் காய்ந்தன. கடைசி வீட்டில் ஒரு அம்மாள் செத்துப்போனபோது, அவளை வைத்த ஐஸ் பெட்டி அவள் வீட்டு வாசலில் திரும்பாமல் நின்றுவிட, அதையும் அஞ்சுகத்தின் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். செத்தவளைச் சுற்றி உட்கார்ந்து அழ இடமிருந்தது, அழுது முடித்தவர்கள் சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது, தூரத்து மூலையில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க முடிந்தது. இப்படியொரு சாவு இந்தச் சந்தில் நடந்ததில்லை என்று எல்லோரும் திருப்தியாகச் சொல்லிக்கொண்டார்கள். அன்று முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், மீனின் பயம் தெளிந்துவிடக் கூடாது என்று.

வந்தவர்களுக்கெல்லாம் அஞ்சுகம் டீ போட்டாள். போனபிறகு பெருக்கினாள். ஆஸ்பத்திரியில் விரிப்பு, வீட்டில் மைதானம். மாலையில் அவள் தன் வீட்டுக்குள் நுழையும்போது அது யாரோ ஒருவருடைய விசேஷமாக இருந்தது; அவள் செருப்பு விடும் இடத்தில் நாற்பது செருப்புகள் கிடந்தன.

மீன் இப்போது செருப்புச் சத்தத்துக்கு வரவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தாள். அது பவளக்கல்லின்மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. தவிட்டு நிறம் கறுத்துப்போயிருந்தது. மட்டியை மூக்குக்கு முன்னால் போட்டால் ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தது. அவளுக்கு அந்தப் படுக்கை புரிந்தது. சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் அழுக்கு மூட்டைகளின்மேல் சாய்ந்திருப்பது இப்படித்தான்.

"இன்னாத்துக்குய்யா அது ஊதுது?" என்று கோதண்டத்திடம் கேட்டாள்.

"பயந்தா ஊதும். பெரிய மீனு முழுங்க வந்தா, முழுங்க முடியாதபடி ஊதிக்கும்."

"அப்ப டெய்லி அதுக்கு யாரோ முழுங்க வர்ற மாதிரிதான இருக்கும்?"

"அடிக்கடி ஊத வைக்கக் கூடாதுன்னு கடைக்காரரே சொன்னாருதான். நாளன்னிக்கு எத்திராஜ் அண்ணன் பேரனுக்கு மொட்டை, விருந்து வைக்கணும்னு கேட்டுட்டாரு. அத்த முடிச்சுட்டு விட்ருவோம்."

விருந்து முடிந்ததும் இன்னொன்று வந்தது. இதற்குள் மீனுக்குப் பயங்களும் பழகிப்போயின. வலைக்கு உப்பியது வலைக்கு உப்பாமல் போனது. தட்டுக்கு உப்பியது தட்டுக்கு உப்பாமல் போனது. கறுப்புத் துணியை ஆட்டினார்கள், சில நாள் உப்பியது. பட்டாசு கொளுத்தினார்கள், இரண்டு முறை உப்பியது. பிறகு என்ன செய்தாலும் அது அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வீடு பழைய வீடாகவே இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் சோர்ந்துபோனார்கள். தொடக்கத்திலிருந்தே இடமில்லாமல் இருந்தவர்கள்தான், ஆனால் இருந்த இடத்தை இழந்தவர்கள்போல நடந்துகொண்டார்கள். எத்திராஜ் வாசலில் நின்று, "பாத்து ஏதாவது பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர்கள் எல்லோரையும்விட மோனிஷாதான் வாடிப்போனாள். வீடு பெருகியிருந்தபோது, விசேஷங்களின் சந்தடிக்கு அப்பால், தூரத்து மூலையில் அவளுக்கும் தணிகைக்கும் என்று ஒரு இடம் இருந்தது. அங்கே அவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள், ஒருநாள் சத்தமாகச் சண்டைகூடப் போட்டார்கள். இப்போது மறுபடி திரை. அவள் மாசமாக இருந்தாள். பிறக்கப்போகிற குழந்தைக்குத் தூளி கட்ட உத்தரத்தில் எந்த இடம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். எங்கே கட்டினாலும் அது யாராவது ஒருவரின் தலைக்குமேல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அஞ்சுகம் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, மோனிஷா வலையைத் தொட்டிக்குள் விட்டு மீனை அள்ளித் தண்ணீருக்கு வெளியே தூக்கினாள்.

தண்ணீருக்குள் தண்ணீரை விழுங்கும் மீன், வெளியே காற்றை விழுங்கியது. அதுவரை உப்பாத அளவுக்கு உப்பியது. அவள் பயந்து அதைத் தொட்டியில் விட்டபோது அது அமிழவில்லை. வயிறு மேலாக, ஒரு ரப்பர் பந்துபோலத் தண்ணீர்மேல் மிதந்தது. தண்ணீரை வெளியே விட அதற்குத் தெரியும். காற்றை எப்படி விடுவதென்று அதற்குத் தெரியவில்லை.

அஞ்சுகம் அரிசிப் பையோடு வாசலில் கால் வைத்தபோது உள்ளே இருந்து காற்று வீசியது. அவ்வளவு பெரிய வீட்டை அவள் பார்த்ததே இல்லை. எதிர்ச்சுவர் வெயிலில் தெரியும் மலைபோல மங்கலாகத் தெரிந்தது. கூரைக்குக் கீழே இரண்டு புறாக்கள் வட்டமிட்டன. கோதண்டம் நடுவில் நின்று வாங்க, வாங்க என்று சொல்வது எதிரொலியோடு கேட்டது, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் விசேஷத்துக்கு வரவில்லை. தலையணையோடு வந்தார்கள். ஜெரினா தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எத்திராஜ் ஆட்டோவின் பின்சீட்டையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு இடத்தில் கோணியையும் புடவையையும் கட்டி, இது எங்களுது, அது உங்களுது என்று சொல்லிக்கொண்டு, மாலைக்குள் ஒரு வரிசையே அந்த ஒரு அறைக்குள் குடிவந்துவிட்டது.

மறுநாள் காலையிலும் வீடு பெரிதாகவே இருந்தது. மீன் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு வெளியே தெரிந்த அதன் வெள்ளை வயிறு காய்ந்து சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. சின்னத் துடுப்புகள் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன, தன்னைக் கீழே இறக்கிவிடச் சொல்வதுபோல. அஞ்சுகம் வேலைக்குப் போகவில்லை. ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வயிற்றின்மேல் கையால் தண்ணீர் மொண்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரருக்கு அவள் போன் செய்தாள். "தலை மேல வர்ற மாதிரி, தண்ணிக்குள்ளயே வச்சுப் புடிங்கம்மா. வயித்த மெதுவா மேல நோக்கித் தடவுங்க. கொழந்தைக்குப் பால் குடுத்துட்டுத் தட்டுவீங்கள்ல, அதுமாதிரி. காத்து வாய் வழியா வந்துரும். சாயங்காலத்துக்குள்ள செய்யலேன்னா தாங்காது," என்றார் அவர்.

இதை அவள் கோதண்டத்திடம் சொன்னாள். பக்கத்தில் எத்திராஜும் ஜெரினாவும் இருந்தார்கள்.

"காத்த எடுத்துட்டா, இனிமே ஊதுமா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"தெரியலண்ணா. ஊதும்னு தோணல."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சு."

"அதில்லம்மா. இப்ப இருக்கிற மாதிரியே, ஊதினாப்லயே செத்துப்போச்சுன்னா. வீடு இப்டியே நின்னுருமில்ல?" எத்திராஜ் கெட்டவர் இல்லை. அவர் அதைத் தயங்கித்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "காசிமேட்டுல பாத்திருக்கேன். கரையில கெடந்து காஞ்சுபோன பேத்தை ஊதினபடியேதான் கெடக்கும். சுருங்காது."

அந்தப் பேச்சு கோணித் தடுப்புகளைத் தாண்டித் தாண்டி அறை முழுக்கப் போனது. ஒவ்வொரு தடுப்பிலும் வேலை நின்றது. யாரும் மீன் சாகட்டும் என்று சொல்லவில்லை. ஒரு மீன்தானே என்றுகூட யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் சாயங்காலம் வரட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள்.

"நீ இன்னாயா சொல்ற?" என்று அஞ்சுகம் புருஷனிடம் கேட்டாள்.

கோதண்டம் தொட்டியைப் பார்க்கவில்லை. "நான்தான் கொண்டாந்தேன். எனக்கில்லாத பாசமா? ஆனா பாரு. எத்தினி பேரு. எல்லாரும் நம்ம வூட்ல நல்லாத் தூங்கினாங்க. நேத்து எனக்கும் நல்ல தூக்கம். மாசமா இருக்கிற பொண்ணு வேற. நீ சும்மா இரு அஞ்சுகம். நாம ஒண்ணும் பண்ண வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவன் போய்விட்டான். போவதற்குக் கொஞ்சநேரம் ஆனது, வீடு அவ்வளவு பெரிது.

மோனிஷா எங்கிருந்தோ வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"அத்தை. நான் அதக் கொல்லணும்னு பண்ணல."

"தெரியும்."

"எனக்கு ஒரு மூலை வேணும்னு இருந்துச்சு. அவ்ளோதான். ஊர்ல எங்க அம்மா வீடும் இதே மாதிரிதான். பொறந்ததுலேர்ந்து எனக்குன்னு ஒரு மூலை இருந்ததில்ல."

அஞ்சுகம் மீனின் வயிற்றில் தண்ணீர் விட்டாள். "எனக்கும் இருந்ததில்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "நீயும் தணிகையும் வேற வீடு பாத்துக்கினு போயிடுங்க," என்றாள்.

மோனிஷா நிமிர்ந்து பார்த்தாள். "வெரட்டுறீங்களா அத்தை?"

"இல்லடி. புழல் பக்கம் போனா வாடகை கம்மி. தொலைவுதான். ஆனா கதவு உங்க கதவா இருக்கும். அவன் கேக்க மாட்டான், அவங்கப்பாவ விட்டுட்டுப் போனா தப்புன்னு நெனப்பான். நீயும் கேக்க மாட்ட. நான்தான் போங்கன்னு என்னிக்கோ சொல்லியிருக்கணும். சொல்லக்கூட அலுப்பா இருந்துச்சு." அவள் முழங்கைவரை வளையல்களை ஏற்றிக்கொண்டாள். "இப்ப இந்த ஸ்டூலப் புடி. ஆடுது."

கையைத் தொட்டிக்குள் விட்டு மீனைத் திருப்பிப் பிடித்தாள். முட்கள் உள்ளங்கையில் ஏறின. வலித்தது. கைகளை எடுக்கவில்லை. தலை மேலே, வால் கீழே. கட்டைவிரலால் வயிற்றை மெல்லக் கீழிருந்து மேலாகத் தடவினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தடவினாள். "வுடு," என்றாள் அதனிடம், காதோடு பேசுவதுபோல. "வுடு. போதும். வுட்டுரு."

ஒரு குமிழ் வந்தது. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல வந்தன.

தூரத்துச் சுவர் நகரத் தொடங்கியது. அங்கே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கோதண்டம் ஓடிவருவது தெரிந்தது, அவனுக்குப் பின்னால் எத்திராஜ், ஜெரினா, எல்லோரும்.

"வேணாம், அஞ்சுகம்," என்று கோதண்டம் ஓடிவந்தபடியே சொன்னான். "எல்லாரும் இருக்காங்க. சொன்னாக் கேளு."

"சாமானெல்லாம் எடுத்துக்கினு வெளிய போகச் சொல்லு. மெதுவாதான் வுடுது. நேரம் இருக்கு."

"இத்தினி வருஷத்துல நாம யாருக்கு இன்னா குட்த்திருக்கோம்? இப்பதான் குட்க்க ஒண்ணு இருக்கு," என்றான் அவன். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவளை நெருங்கிவிட்டிருந்தான். அவள் கையைப் பிடித்து இழுக்க அவனால் முடியும்.

அஞ்சுகம் அவனைப் பார்த்தாள். "நீ குட்க்கல. நானும் குட்க்கல. இது குட்த்துச்சு," என்றாள். "இதுக்கு ஓய்ஞ்சு போச்சுயா. எனக்கு அது தெரியுது. எனக்கு மட்டும்தான் தெரியுது. அதுக்காக நான் யார்கிட்டயும் சண்டை போட மாட்டேன். ஆனா கைய எடுக்க மாட்டேன்."

கோதண்டம் நின்றான். அவளுடைய விரல்களிலிருந்து மெல்லிய சிவப்பாக ரத்தம் தண்ணீரில் கரைவதைப் பார்த்தான். பிறகு திரும்பி, இதுவரை வாங்க, வாங்க என்று சொன்ன அதே குரலில், "எடுங்கப்பா, சாமானை எடுங்க," என்றான்.

எத்திராஜ்தான் முதலில் அசைந்தார். ஆட்டோ சீட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். கோணிகள் அவிழ்ந்தன, புடவைகள் அவிழ்ந்தன, தையல் மிஷின் போனது, தலையணைகள் போயின. அவர்கள் போகப் போக வீடு அவர்கள் பின்னாலேயே வந்தது. திட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள், அழுதுகொண்டு போனவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்லாமல், மழை வரும்போது துணி எடுக்கிறவர்கள்போலக் கடகடவென்று எடுத்துக்கொண்டு போனார்கள். புறாக்கள் வாசல் வழியாக வெளியே பறந்தன. கடைசிக் காற்றும் வெளியே வந்தபோது, மீன் அவள் கைகளுக்குள் சின்னதாகி, தொளதொளவென்று ஆகி, வழுக்கி இறங்கி, பவளக்கல்லின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. செவுள்கள் அசைந்தன. தணிகையும் வந்துவிட, வீட்டார் நான்கு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள், தொட்டியைச் சுற்றி.

கோதண்டம் அன்று அவள் கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டான். பிறகு வெகுநாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த மாதமே தணிகையும் மோனிஷாவும் புழலுக்குப் போனார்கள். மோனிஷா படியிறங்கும்போது அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வண்டி வந்துவிட்டது. எத்திராஜ் சில காலம் அந்த வாசலைப் பார்க்காமல் போனார். அப்புறம், தண்ணீர் லாரி வந்த ஒரு நாள், "அஞ்சுகம், கொடத்தக் கொண்டா" என்று பழையபடி கூப்பிட்டார். வரிசையில் இருந்தவர்கள் நெருக்கத்துக்கு மறுபடியும் பழகினார்கள். பெரிய வீட்டைப் பற்றி, எங்கேயோ போய்விட்டு வந்த ஊரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள், பிறகு அந்தப் பேச்சும் குறைந்தது. பேத்தைக்கு நிறம் திரும்ப நாளாயிற்று. அது பிறகு எதற்கும் உப்பவில்லை. சந்தில் யாரோ வெடி வெடித்தபோதுகூட ஒரு கண்ணை மட்டும் திருப்பிவிட்டுப் பேசாமல் இருந்தது.

ஒரு நாள் அஞ்சுகம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். காய்ச்சலா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். கோதண்டம் கோவளத்துக்குப் போயிருந்தான். அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை, துடைப்பத்தைத் தொடவில்லை. பட்டப்பகலில், கதவைத் திறந்துபோட்டபடி, வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டினாள்.

சந்தில் போன ஜெரினா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒடம்புக்கு ஆவலியா?"

"நல்லாதான் இருக்கேன். சும்மா படுத்திருக்கேன்."

ஜெரினா வாசலிலேயே நின்றாள். கையில் தைத்து முடிக்க வேண்டிய துணி மூட்டை இருந்தது. அதை நிலைப்படிக்கு வெளியே இறக்கிவைத்தாள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, அஞ்சுகத்துக்குப் பக்கத்தில் அவளும் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே தண்ணீர் லாரி வந்து, எத்திராஜ் யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எழுந்திருக்கவில்லை.